அரக்கு நூல் இரவில் ஒரு நிறம், காலையில் வேறு நிறம்: எந்த பல்பு வாங்கலாம்?

கேள்வி: சின்னாளப்பட்டி தையல்காரி

வீட்டின் முன்னறையில் ரவிக்கை தைக்கிறேன். பத்துக்குப் பத்து அறை. தலைக்கு மேல் 60 வாட் குண்டு பல்பு இருந்தவரை தொல்லை இல்லை. அது போனபின் 9 வாட் எல்.இ.டி. மாட்டினோம். பெட்டியில் 900 லூமென், 6500 கெல்வின் என்று இருக்கிறது. அறை பளிச்சென்றுதான் இருக்கிறது. ஆனால் இரவில் அரக்குப் பட்டுக்குப் பொருத்தமாக எடுத்த நூல், காலையில் வாசலில் பார்த்தால் காப்பிக்கொட்டை நிறம். போன வாரம் ஒரு முகூர்த்த ரவிக்கையை முழுவதும் பிரித்துத் தைத்தேன், அழுகையே வந்துவிட்டது. கடைக்காரர் வாட்டைக் கூட்டச் சொல்கிறார். கூட்டலாமா, மஞ்சள் பல்புக்கே திரும்பலாமா?

பதில்: வயரிங் வேலை, 31 ஆண்டு

கூட்ட வேண்டாம் சகோதரி. வாட் என்பது பல்பு தின்னும் மின்சாரம். அது தரும் வெளிச்சத்துக்கு லூமென்தான் கணக்கு. பழைய 60 வாட் குண்டு பல்பே 700 லூமென் சொச்சம்தான் தந்தது.

கெல்வின் வெளிச்சத்தின் சாயல். கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, வெளுக்கிறதல்லவா, அந்தக் கணக்கு. 2700 மஞ்சள், 4000 நடுவாந்தரம், 6500 நீலம் தோய்ந்த வெள்ளை.

உங்கள் அரக்கைக் கெடுப்பது மூன்றாவது எண். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று தேடுங்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது. குண்டு பல்புக்கு ஏறக்குறைய 100, சாதாரண எல்.இ.டி.க்கு 80. அந்த 80-ஐயும் எட்டு வெளிர் நிறங்களை வைத்தே போடுகிறார்கள். அடர்சிவப்புக்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. பெரும்பாலான பெட்டிகளில் அதை அச்சிடுவதே இல்லை. 80 வாங்கிய பல்பும் அரக்கில் தோற்றுப்போவது இதனால்தான். 90-க்கு மேல், 4000 கெல்வினில் வாங்குங்கள். ஊசிக்கு வெளிச்சம் போதாவிட்டால் பல்பைத் தாழ இறக்குங்கள். தூரம் பாதியானால் நேரே விழும் வெளிச்சம் நான்கு மடங்கு.

பதில்: ஜவுளிக்கடை அனுபவம்

மஞ்சள் பல்பு மட்டும் வேண்டாம் அம்மா. கருநீலமும் கறுப்பும் அதில் ஒன்றாகிவிடும். நல்ல பல்பு வாங்கினாலும் முகூர்த்தத் துணியைப் பகலில் ஒருமுறை வாசலுக்குக் கொண்டுபோங்கள். சாயம் வேறானால், ஒரு வெளிச்சத்தில் சேர்ந்த இரண்டு துணிகள் இன்னொன்றில் பிரிந்து நிற்கும்.

கேட்டவர்

திண்டுக்கல்லில் மூன்று கடை ஏறி இறங்கினேன் ஐயா. மூன்றாவதில்தான் 90 என்று அச்சிட்ட பெட்டி கிடைத்தது, 4000 கெல்வின். நேற்றிரவு அரக்கு நூல் டப்பாவை அதன் கீழ் கொட்டினேன். பதினொரு கண்டுகளில் இரண்டு பழுப்பு, பார்த்தவுடனே தெரிந்தது. காலையில் வாசலிலும் அதே இரண்டுதான். 6500 பல்பைத் திண்ணைக்கு மாற்றிவிட்டேன்.