1955ஆம் ஆண்டு இரண்டு சதக் காசு யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் உறவுகளே. திருகோணமலை உயர்தர அரசறிவியல் மாணவர்களுக்கு ஆறடி நீளச் சுவர்ப்படம் ஒன்று தயாராகிறது. இங்கிலாந்தில் மன்னரின் அதிகாரம் பாராளுமன்றத்துக்குக் கைமாறிய கதை. இரண்டு உதவி வேண்டும்.

முதலாவது, காசுப் படம். 1948 முதல் 1972 வரை இலங்கையும் பிரித்தானிய முடியின் கீழ்தான் இருந்தது: பெயர் மன்னருடையது (1952இலிருந்து ராணியுடையது), முடிவு கொழும்பு அமைச்சரவையுடையது. ராணியின் தலை பொறித்த 1955, 1957 இரண்டு சதக் காசு இதற்கு நல்ல சாட்சி. மூதூர், கிண்ணியா, உவர்மலைப் பக்கம் பழைய தகரப் பேணிகளைக் கிளறிப் பாருங்கள். கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து மழுங்கிவிடும். ஃபிளாஷும் வேண்டாம், சன்னலோரம் சாய்வெளிச்சத்தில் இரு பக்கமும் எடுத்து அனுப்புங்கள்.

இரண்டாவது, பிழை பார்க்க வரலாறு தெரிந்த ஒருவர். "1689உடன் மன்னர் பொம்மையானார்" என்றே பல நோட்ஸில் கிடக்கிறது. அது பிழை. அந்த ஆண்டு இங்கிலாந்துப் பாராளுமன்றம் நிறைவேற்றிய உரிமைகள் சட்டமூலம் தடுத்தவற்றில் முக்கியமானவை மூன்று: பாராளுமன்றச் சம்மதமின்றி வரி அறவிடுவது, சமாதான காலத்தில் நிலையான படை வைப்பது, சட்டத்தை இடைநிறுத்துவது. அமைச்சர்களைத் தெரிவதோ மன்னரின் கையிலேயே இருந்தது. ஆனால் காசுக்கும் படைக்கும் வருடாவருடம் கேட்க வேண்டிவந்ததால், பாராளுமன்றத்தைக் கூட்டாமல் காலம் தள்ள முடியவில்லை. விசயமே அங்கேதான் இருக்கிறது! ஆன் அரசி 1708இல் ஒரு சட்டமூலத்துக்குச் சம்மதம் மறுத்தார். அதன்பின் எவரும் மறுக்கவில்லை. 1834இல் மன்னர் நான்காம் வில்லியம் அமைச்சரவையை நீக்கி ரொபர்ட் பீலைப் பிரதமராகக் கொண்டுவந்தார். தேர்தலில் பெரும்பான்மை கிடைக்காமல் பீல் 1835 ஏப்ரலில் விலகினார்.

மன்னராட்சி அரசியலமைப்புக்குள் வந்த ஜப்பான் 1889, சியாம் (இன்றைய தாய்லாந்து) 1932 இரண்டும் ஓரத்தில் சிறு பட்டியாக வரும். இன்னொன்று: தலைப்பில் 'மட்டுப்படுத்தப்பட்ட முடியாட்சி' என்பதா, 'அரசியலமைப்பு முடியாட்சி' என்பதா? வகுப்பில் எதைச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று ஆசிரியர்கள் கீழே எழுதுங்கோ.