துபாய் குடும்ப விசா: மனைவி பெயரில் இனிஷியல் சிக்கல்

துபாய் நண்பர்களே, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸ்பான்சரில் ரெசிடென்ஸ் விசா போட முடியாமல் நிற்கிறேன். சம்பளம் 4,500 திர்ஹாம், இஜாரி (வீட்டு வாடகை ஒப்பந்தப் பதிவு) என் பெயரில். அதிலெல்லாம் பிரச்சினை இல்லை. திருமணச் சான்றிதழில் மனைவி பெயர் இனிஷியலோடு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக சர்நேம் இடத்தில். விசா விண்ணப்பம் போடும் டைப்பிங் சென்டரில் இரண்டும் ஒரே ஆள் என்று ஏற்க மறுக்கிறார்கள். நம்ம ஊர் இனிஷியலை இங்கே யாருக்குப் புரியவைப்பது!

சான்றிதழ் 2016இல் திருநெல்வேலியில் பதிந்தது. சென்னை, டெல்லி, இங்கே வெளியுறவு அமைச்சகம் வரை அட்டஸ்டேஷன் (சான்றிதழ் உண்மையானது என்ற அரசு முத்திரை) முடிந்துவிட்டது. வேறு டைப்பிங் சென்டரில் கேட்டேன், ஆதாரைக் காட்டினேன், எடுபடவில்லை. குடும்பம் விசிட் விசாவில் இங்கேயே இருக்கிறது, அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது.

இந்தியத் துணைத் தூதரகத்தில் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) வாங்கிக் கொடுத்து யாருக்காவது விசா கிடைத்ததா, இல்லை ஊரில் சான்றிதழைத் திருத்தி மறுபடி அட்டஸ்டேஷன் செய்யத்தான் வேண்டுமா?