உள் அறையில் வைஃபை சிக்னல் முழுசா இருக்கு, ஆனா ‘இன்டர்நெட் இல்லை’. ஹாலில் இணைத்தால் சரியாகிறது

உள்ளறை_47

ஃபோன் ஆண்ட்ராய்டு 14. வீட்டில் ஃபைபர் இணைப்பு, ஹாலில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் உள்ள மோடம். உள் அறைக்கு சிக்னல் எட்டாததால், பழைய ரவுட்டர் ஒன்றை (2.4 மட்டும்தான்) போன வாரம் அங்கே வைத்து, மோடத்திலிருந்து லேன் கேபிள் இழுத்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு.

ராத்திரி ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு காலையில் அறையிலேயே எடுத்தால், வைஃபை உடனே இணைகிறது, சிக்னலும் முழுசா இருக்கு, ஆனால் ஓரத்தில் ஆச்சரியக்குறி. எதுவும் திறக்காது. ஹாலுக்குப் போய் வைஃபையை அணைத்துப் போட்டால் ஓடுகிறது. அதன்பிறகு அறைக்குத் திரும்பினாலும் பெரும்பாலும் ஓடுகிறது! மொபைல் டேட்டாவும் பகலிலேயே தீர்ந்துவிடுகிறது. அறையில் அதே ரவுட்டரில் இணைந்திருக்கும் ஆபீஸ் லேப்டாப்புக்கு எந்தத் தொல்லையும் இல்லை, அதனால் ஃபோன்தான் பழுதோ என்று சந்தேகம். நெட்வொர்க் ரீசெட் போடலாமா, சர்வீசுக்குக் கொடுக்கலாமா?

வேகத்தடை

இது பிரைவேட் டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தருகிற சேவையோடு மறைவாகப் பேசும் வசதி) வேலையாக இருக்கும். செட்டிங்ஸில் தேடுங்க, அங்கே விளம்பரம் தடுக்கிற டிஎன்எஸ் பெயர் ஏதாவது போட்டிருந்தால் ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றுங்க. அந்த வசதி 853 என்ற போர்ட் வழியாகத்தான் பேசும். வழியில் அது அடைபட்டிருந்தால் வைஃபை இணைந்திருக்கும், ஒரு பக்கமும் திறக்காது. அதுவும் இல்லையென்றால் நெட்வொர்க் ரீசெட் போடுங்க.

ஓமும்_வோல்ட்டும்

பிரைவேட் டிஎன்எஸ் தகராறு என்றால் ஹாலிலும் வந்திருக்க வேண்டும், வெளியே போகிற வழி இரண்டுக்கும் ஒன்றுதான். ரீசெட்டும் இப்போது வேண்டாம். சேமித்த வைஃபை எல்லாம் போகும், ப்ளூடூத் இணைப்புகள் (கார், வாட்ச், இயர்பட்ஸ்) எல்லாம் போகும். கோளாறு ஃபோனுக்கு வெளியே இருந்தால் அரை மணி நேரத்தில் அதே ஆச்சரியக்குறி திரும்ப வந்து நிற்கும்.

கேட்பவருக்கு: அடுத்த முறை அறையில் இப்படி ஆகும்போது வைஃபையை அணைக்காதீர்கள். அணைத்தால் தடயம் அழிந்துவிடும். வைஃபை பட்டியலில் உங்கள் நெட்வொர்க் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தொட்டு, கீழே இறங்கி ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஃபோனுக்குக் கிடைத்த எண்), கேட்வே (வெளியே போகும் வாசலாக இருக்கும் பெட்டியின் எண்) இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சாம்சங்கில் ‘வியூ மோர்’ தொட்டால்தான் தெரியும். ஐஃபோன் வைத்திருப்பவர்கள் பெயருக்குப் பக்கத்து ‘ஐ’ வட்டத்தைத் தொட்டு ‘ரவுட்டர்’ என்ற வரியைப் பார்க்கலாம். பிறகு ஹாலில் ஓடும்போதும் அதே இரண்டையும் குறித்துப் போடுங்கள். லேப்டாப்பில் ஐபி கையால் கொடுத்ததா, தானாக வாங்குகிறதா என்பதும் தெரிய வேண்டும்.

உள்ளறை_47

அறையில், ஓடாதபோது: ஐபி 192.168.0.103, கேட்வே 192.168.0.1
ஹாலில், ஓடும்போது: ஐபி 192.168.1.36, கேட்வே 192.168.1.1
லேப்டாப்பில் 192.168.1.50 என்று கையால் போட்டு வைத்திருக்கிறது, கேட்வே 192.168.1.1.

ஓமும்_வோல்ட்டும்

ஃபோனில் ஒரு பழுதும் இல்லை. உங்கள் வீட்டில் முகவரி கொடுக்கிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

வைஃபையில் சேர்ந்தவுடன் ஃபோன் ‘எனக்கு யாராவது ஐபி கொடுங்கள்’ என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுக்கும். டிஹெச்சிபி என்பது இதுதான். பதில் சொல்ல வீட்டில் ஒரே ஒரு பெட்டிதான் இருக்க வேண்டும். கேபிளை பழைய ரவுட்டரின் லேன் போர்ட்டில் (வீட்டுச் சாதனங்களை இணைக்கும் துளை) செருகியிருப்பீர்கள். அப்போது இரண்டு பெட்டியும் ஒரே நெட்வொர்க்காகிவிடும், ஆனால் பழைய ரவுட்டரின் டிஹெச்சிபி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அறையில் இருந்து கேட்டால் பக்கத்தில் இருக்கிற அதுதான் முந்திக்கொண்டு 192.168.0 வரிசையில் ஒரு முகவரியைத் தந்து, ‘வெளியே போக வேண்டுமென்றால் என்னிடம் வா’ என்று தன்னையே கேட்வேயாகச் சொல்லும். அதன் வேன் போர்ட்டிலோ (வெளி இன்டர்நெட் உள்ளே வரும் துளை) கேபிளே இல்லை. ஃபோன் அனுப்புவதெல்லாம் அங்கேயே முடிந்துவிடும்.

ஹாலில் சேர்ந்தால் மோடம் முந்துகிறது. அங்கிருந்து அறைக்கு நடந்தால் ஃபோன் பெட்டியை மாற்றிக்கொள்கிறதே தவிர, வைஃபை பெயர் ஒன்று என்பதால் பழைய முகவரியையே வைத்துக்கொள்ளும், அதனால் ஓடுகிறது. ‘பெரும்பாலும்’ என்று எழுதினீர்களே, அதற்கும் காரணம் உண்டு. பெட்டி மாறும்போது ‘இந்த முகவரி இன்னும் என்னுடையதுதானே’ என்று ஃபோன் ஒருமுறை கேட்டுக்கொள்வதுண்டு. அதற்கு பழைய ரவுட்டர் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு நடுவழியிலும் விழும். லேப்டாப் யாரிடமும் கேட்பதில்லை, அதனால் தப்பித்தது.

டேட்டா தீர்வதும் இதனால்தான். வைஃபை இணைந்ததும் ஆண்ட்ராய்டு கூகுளின் ஒரு சின்ன முகவரியைத் தட்டிப் பார்க்கும். 204 என்ற வெற்றுப் பதில் வந்தால் இன்டர்நெட் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். வராவிட்டால் ஆச்சரியக்குறியைப் போட்டுவிட்டு சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும்.

சரிசெய்யும் வரிசை முக்கியம், மாற்றிச் செய்தால் பழைய ரவுட்டருக்குள் நுழையவே முடியாமல் போகும்.

1. ஃபோனில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். இதைச் செய்யாவிட்டால் பிரவுசர் 192.168.0.1ஐ டேட்டா வழியாகத் தேடிக்கொண்டு நிற்கும், பக்கம் திறக்காது. ‘இன்டர்நெட் இல்லை, இணைந்தே இருக்கவா’ என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள்.

2. முதலில் மோடத்தின் பக்கத்தில் (192.168.1.1) டிஹெச்சிபி வரம்பைப் பாருங்கள். பல மோடங்களில் அது 192.168.1.2இலிருந்தே தொடங்கும். தொடக்கத்தை 192.168.1.10 ஆக்கி, முடிவை 192.168.1.200 என்று வையுங்கள். லேப்டாப்புக்கு கையால் போட்ட 50 இந்த வரம்புக்குள்ளேயே வருகிறது. அதை 210 ஆக மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஒருநாள் வேறு யாருக்காவது 50 போய் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

3. இரண்டு பெட்டிக்கும் நடுவில் உள்ள கேபிளைக் கழற்றுங்கள். ஃபோனை பழைய ரவுட்டரில் மட்டும் சேர்த்து 192.168.0.1 திறங்கள். பாஸ்வேர்டு மாற்றியதில்லை என்றால் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். மெனுவில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ (முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் நிலை) என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும், 4, 5 இரண்டையும் விட்டுவிடலாம்.

4. லேன் பகுதியில் ரவுட்டரின் சொந்த ஐபியை 192.168.1.2, மாஸ்க் 255.255.255.0 என்று மாற்றிச் சேமியுங்கள். அது ரீஸ்டார்ட் ஆகும். இனி அதன் பக்கம் 192.168.1.2இல் திறக்கும்.

5. மறுபடி உள்ளே போய் கடைசியாக டிஹெச்சிபியை அணையுங்கள். இதை 4க்கு முன்னால் செய்தால் ரீஸ்டார்டுக்குப் பிறகு ஃபோனுக்கு முகவரி கொடுக்க ஆளே இருக்காது, ‘ஐபி முகவரி பெறுகிறது’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

6. மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து பழைய ரவுட்டரின் லேன் போர்ட்டுக்குக் கேபிளைப் போடுங்கள். வேறு நிறத்தில் இருக்கும் வேன் போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

7. ஃபோனில் இந்த வைஃபையை ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டு அறையில் நின்று புதிதாக இணையுங்கள். கேட்வே 192.168.1.1 என்று காட்ட வேண்டும்.

வேகத்தடை

இவ்வளவு தேவையா? கேபிளைப் பிடுங்கி வேன் போர்ட்டில் மாட்டினால் ஒரு நிமிஷத்தில் இன்டர்நெட் வந்துவிடும். செட்டிங்ஸ் தொடவே வேண்டாம். அல்லது ஃபோனிலேயே ஸ்டேட்டிக் ஐபி (லேப்டாப்பில் போல கையால் கொடுக்கும் முகவரி) போட்டுவிடலாம்.

ஓமும்_வோல்ட்டும்

வரும், மறுக்கவில்லை. ஆனால் அப்போது அறை 192.168.0, ஹால் 192.168.1 என்று வீடு இரண்டு நெட்வொர்க்காகப் பிரிந்துவிடும். ஹாலில் உள்ள டிவிக்கு அறையிலிருந்து காஸ்ட் செய்ய முடியாது, பிரின்டர் பட்டியலிலேயே வராது. வைஃபை பெயரும் ஒன்றாகவே இருந்தால், ஃபோன் நடந்து மாறும்போது அந்தப் பக்கத்து முகவரியோடு இந்தப் பக்கம் வந்து தொங்கும். வேன் போர்ட்டில்தான் மாட்டுவேன் என்றால் பெயரையாவது வேறாக வையுங்கள்.

ஸ்டேட்டிக் ஐபி இந்த ஒரு ஃபோனைக் காப்பாற்றும். விருந்தாளி ஃபோனுக்கு யார் போடுவது?

கண்ணாடிமாற்று

ஃபோன் சர்வீஸ் பக்கத்திலிருந்து ஒரு விஷயம், தலைப்பைப் பார்த்து வருகிறவர்களுக்காக. ஹார்டுவேர் பழுது என்று முடிவு பண்ணும் முன்னே ஒரு சோதனை இருக்கு. வைஃபை அனலைசர் ஆப் ஒன்று போட்டு, ரவுட்டரிலிருந்து ஒரு மீட்டரில் நின்று சிக்னல் அளவு பாருங்க. மைனஸ் 30 முதல் மைனஸ் 45 டிபிஎம் (சிக்னல் வலுவின் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்) வரைக்கும் காட்டினால் ஆன்டெனா நல்லா இருக்கு. அதே இடத்தில் பக்கத்து ஃபோன் மைனஸ் 38 காட்டும்போது உங்க ஃபோன் மைனஸ் 65 என்றால் உள்ளே ஆன்டெனா தொடுப்பு விட்டிருக்கு. டிஸ்ப்ளே, பேட்டரி மாற்றின பிறகு ஆரம்பிச்சது என்றால் பெரும்பாலும் இதுதான்: கோஆக்ஸ் வயரின் (ஆன்டெனாவுக்குப் போகிற மெல்லிய வயர்) நுனி அழுந்தி உட்காரலை, அல்லது பின்மூடியின் ஸ்பிரிங் தொடுப்பு வளைஞ்சிருக்கு. சின்ன வேலை, போர்டு மாற்றச் சொன்னால் ஒத்துக்காதீங்க. இரும்புத் தகடு ஒட்டின கவரைக் கழற்றிட்டுத்தான் அளக்கணும்.

வைஃபை சுவிட்சே மங்கலாகி ஆன் ஆகலை, ‘அபவுட் ஃபோன்’ பக்கத்தில் வைஃபை மேக் முகவரி (ஃபோனின் வைஃபை அடையாள எண்) இருக்க வேண்டிய இடத்தில் ‘கிடைக்கவில்லை’ என்று வந்தால் அது வைஃபை ஐசி (வைஃபை சிப்) சமாச்சாரம். அதுக்கு எந்த ரீசெட்டும் உதவாது.

அனலைசரில் எண் மெதுவா மாறுதே என்று குழம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு 9 முதல் ஒரு ஆப் 2 நிமிஷத்துக்கு 4 முறைதான் ஸ்கேன் பண்ண முடியும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘வைஃபை ஸ்கேன் த்ராட்லிங்’ அணைச்சால் வேகமா வரும்.

உள்ளறை_47

ஏழு படியும் முடிந்தது. ஆக்சஸ் பாயின்ட் மோட் இல்லை, கையால்தான் மாற்ற வேண்டியிருந்தது. அறையில் இணைத்தாலும் கேட்வே 192.168.1.1 வருகிறது. நன்றி. இரண்டு மிச்சம்:

அறையில் லிங்க் ஸ்பீடு (ஃபோனுக்கும் ரவுட்டருக்கும் இடையிலான வேகம்) 72 எம்பிபிஎஸ் என்று காட்டுகிறது, ஸ்பீடு டெஸ்டில் 40ஐத் தாண்டவில்லை. எங்கள் பிளான் 200.
ஹாலில் 5 கிகாஹெர்ட்ஸ் சில சமயம் பட்டியலிலிருந்தே காணாமல் போய், கொஞ்ச நேரத்தில் வருகிறது.

ஓமும்_வோல்ட்டும்

72 என்பது 2.4இல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரே ஒரு ஆன்டெனா வழியாகப் பேசும்போது வருகிற உச்சம். அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கையில் கிடைத்தால் அதுதான் நியாயமான கணக்கு. அகலத்தை 40 ஆக்கினால் எண் ஏறும், ஆனால் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு வைஃபையோடு மோதி வேகம் இன்னும் இறங்கும். 20லேயே விடுங்கள். மோடத்தின் 2.4ஐ சேனல் 1இலும் அறை ரவுட்டரை 6 அல்லது 11இலும் வையுங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று உரசாதவை. இரண்டிலும் பாதுகாப்பு டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று ஒன்றாகவே இருக்கட்டும். 200 முழுசாக வேண்டுமென்றால் அறைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள ரவுட்டர் வாங்க வேண்டியதுதான். வாங்கும்போது போர்ட் கிகாபிட்டா என்று கேளுங்கள். 100 எம்பிபிஎஸ் போர்ட் என்றால் வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும் 95க்கு மேல் ஏறாது. எட்டுக் கம்பியில் ஒன்று விட்டுப்போன கேபிளும் இதே 95ஐத்தான் காட்டும், கிளிப் அடித்தவரை ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்.

5 காணாமல் போவதற்கு மோடத்தில் சேனல் ‘ஆட்டோ’ என்று இருக்கும், பாருங்கள். 52 முதல் 64, 100 முதல் 144 வரையான சேனல்கள் ரேடாரோடு பங்கு போட்டுக்கொள்பவை. ரேடார் போல ஏதாவது காதில் விழுந்தால் மோடம் அந்தச் சேனலை உடனே காலி செய்தாக வேண்டும். அதேபோன்ற இன்னொரு சேனலுக்குப் போனால் குறைந்தது 60 விநாடி சும்மா கேட்டுக்கொண்டிருந்த பிறகுதான் ஒலிபரப்பலாம், அந்த இடைவெளியில்தான் உங்கள் பட்டியலில் பெயர் இல்லை. ஆட்டோவை எடுத்துவிட்டு 36 முதல் 48க்குள் ஒன்றையோ, 149 முதல் 161க்குள் ஒன்றையோ நிலையாகப் போடுங்கள். 149 போட்டபின் வெளிநாட்டில் வாங்கின ஃபோன் எதற்காவது 5 தெரியவில்லை என்றால் அந்த நாட்டு அமைப்பில் அந்தச் சேனல் திறந்திருக்காது, 36க்கு மாற்றிவிடுங்கள்.