முதல் அழுத்தத்தில் பிரேக் இல்லை, நாளை காலை தகுதிச் சுற்று

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் இன்றுதான் முதன்முறையாக பைக் ஓட்டினேன். ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு முன் பிரேக் லீவர் கைப்பிடி வரை வந்துவிடுகிறது. உடனே இன்னொரு முறை அழுத்தினால் கெட்டியாகிவிடுகிறது. நேர்ப்பாதையின் முடிவில் அந்த இரண்டாவது அழுத்தத்துக்கு நேரம் ஏது? இரண்டு முறை மண்ணில் இறங்கிவிட்டேன்.

வண்டி 2016 மாடல், 200 சிசி, ஒற்றை சிலிண்டர். முன்னால் ஒரே டிஸ்க், ரப்பர் ஹோஸ், ஏபிஎஸ் இல்லை. கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே தடத்தில் இரண்டு ஆண்டுகளாக இதே வண்டிதான். ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. அந்தத் தடம் 2.1 கி.மீ., இது 3.7 கி.மீ. வேகம் கூடினால் பிரேக்கின் சூடும் கூடும், அது புரிகிறது.

ஆகவே மதியம் டாட் 4 பிரேக் திரவத்தை முழுவதும் மாற்றி, உள்ளே சிக்கிய காற்றை இரண்டு முறை வெளியேற்றினேன். புதிதாகப் பிரித்த பாட்டில்தான். ஈரம் சேர்ந்த திரவம் 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும் என்று தெரியும். டிஸ்க்கைப் பிடிக்கும் பேட்களைப் புதிதாகப் போட்டேன், அவற்றை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன்களைச் சுத்தம் செய்தேன். மாலை ஓட்டத்திலும் அதே கதை. பிட்டில் நிறுத்தி அழுத்தினால் மட்டும் ஒன்றும் அறியாத பிள்ளைபோல் கெட்டியாக நிற்கிறது.

முன்சக்கரத்தைப் பிடித்து அசைத்தால் மிக லேசான ஆட்டம் தெரிகிறது. டிஸ்க் வளைந்திருக்கிறதா என்று அளக்கக் கருவி இல்லை.

நாளை காலை 9 மணிக்குத் தகுதிச் சுற்று. கையில் ஓர் இரவும் சாதாரணக் கருவிப் பெட்டியும் இருக்கின்றன. அந்த ஆட்டத்துக்குக் காரணமாக இருக்கக்கூடிய சக்கர பேரிங், லீவரின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர், இந்த இரண்டில் எதை முதலில் பிரிப்பது?