நாலாவது கால் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது

குழு: பெரிய வீடு (கல்யாணம் முடியும் வரை யாரும் வெளியேறக் கூடாது)

முரளி, மாலை 6:48
கேரவன் ஜாக் ஏறவில்லை, நிறுத்தும்போது வண்டியைத் தாங்க இறக்கிவிடுகிற கால்கள். நாலு காலும் தரையில் ஊன்றி அப்படியே நிற்கிறது. ஏற்றுகிற பட்டனை அழுத்தினால் சுவிட்ச் பலகையில் விளக்கெல்லாம் ஒரு தரம் மின்னிவிட்டு அணைந்துபோகிறது. யாருக்காவது இது பழக்கமா?

ராஜி அத்தை, 6:49
நீங்கள் இன்னும் புறப்படவே இல்லையா

வசந்தி, 6:50
மதியம் 2 மணிக்கே கிளம்பலாம் என்று நான் சொன்னேன் அத்தை. இதை மட்டும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

கோபி, 6:51
போன மாதம் நான் எடுத்துப்போனபோது நன்றாகத்தான் இருந்தது

வசந்தி, 6:51
உங்களை யாரும் எதுவும் சொல்லவில்லையே

நிவேதா, 6:51
ஆரம்பிச்சாச்சு

திவ்யா, 6:52
அண்ணா, நாளைக்குக் காலை 10 மணிக்குக் கல்யாணம். எனக்கு. ஞாபகத்துக்காகச் சொல்கிறேன்.

முரளி, 6:52
தெரியும்டா. 210 கிலோமீட்டர்தான். ஏறினால் போதும்.

ரகு சித்தப்பா, 6:55
முரளி, பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதே. முதலில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணு, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறாயா பார். அந்தப் பலகைக்குப் பின்னால் ஒரு கன்ட்ரோலர் இருக்கிறது, அதற்கு வோல்டேஜ் குறைந்தால் பிடிக்காது, தானாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிடும், ஹேண்ட் பிரேக் சிக்னல் வராவிட்டாலும் பல வண்டிகளில் அதே கதைதான். நீ நேற்று ராத்திரியிலிருந்து விளக்கு, மின்விசிறி, பிள்ளைகளின் போன் எல்லாவற்றையும் பேட்டரியில் ஓட்டியிருப்பாய். நல்ல பேட்டரி சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் இருக்கும், 12.2 என்றால் பாதி காலி, 12-க்குக் கீழே என்றால் அதை நம்பி ஜாக் பட்டனைத் தொடவே கூடாது. எஞ்சின் ஓடினால் ஆல்டர்னேட்டர் 13.5, 14 என்று கொடுக்கும். அப்புறம் பேசலாம்.

லலிதா சித்தி, 6:56
இவர் இங்கே மாப்பிள்ளை வீட்டாருடன் உட்கார்ந்துகொண்டுதான் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறார்

ரகு சித்தப்பா, 6:56
ஒரு நிமிஷம்தான்

சுந்தர் மாமா, 6:58
(முன்னனுப்பிய செய்தி) செல்போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குபவர்கள் கவனத்துக்கு…

ராஜி அத்தை, 6:58
ஏங்க இப்போது இது எதற்கு

முரளி, 7:09
சித்தப்பா, எஞ்சின் போட்டதும் விளக்கு நின்று எரிகிறது. மூன்று கால் ஏறிவிட்டது!! இடது பின் கால் மட்டும் அசையவில்லை. அம்மா கட்டிலில் ஒரு பக்கமாக உருண்டு வருகிறாள்.

ராஜி அத்தை, 7:09
ஐயோ அண்ணியை முதலில் கீழே இறக்குடா

வசந்தி, 7:10
இறக்கியாச்சு அத்தை. நாற்காலி போட்டு வெளியே உட்கார வைத்திருக்கிறேன். "கோபி வாங்கிக் கொடுத்த வண்டிதானே" என்றார்.

கோபி, 7:11
நான் வாங்கிக் கொடுக்கவில்லை. பாதிப் பாதி. பேப்பரில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது.

ரகு சித்தப்பா, 7:14
நல்ல செய்தி. மூன்று ஏறிவிட்டது என்றால் பேட்டரி, பலகை எல்லாம் பிழைத்தது. இப்போது கவனமாகக் கேள். உன் வண்டியில் காலைக் கீழே இறக்குவது எண்ணெயைத் தள்ளுகிற பம்ப், மேலே இழுப்பது ஸ்பிரிங். ஏற்றும்போது பம்ப் ஓடவே ஓடாது, அந்தந்தக் காலுக்கான வால்வு மட்டும் திறக்கும், எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும், ஸ்பிரிங் காலைச் சுருட்டிக்கொள்ளும். ஆகவே உன் இடது பின் கால் வால்வு திறக்கவில்லை. ஒன்று அதன் காயில், அதாவது வால்வைத் திறக்கிற மின்சுருள், போயிருக்கும், இல்லை காயிலுக்குக் கரண்ட் வரவில்லை, இல்லை காலே வளைந்தோ துருப்பிடித்தோ மாட்டியிருக்கும். மூன்றில் எது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இன்னொன்று, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வை. ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், பின் சக்கரம் தரையில் சரியாக உட்காராமல் இருந்தால் பிரேக் போடுவதும் ஒன்றுதான் போடாததும் ஒன்றுதான். வண்டிக்கு அடியில் மட்டும் தலையை விடாதே. வால்வு இருக்கிற பெட்டி பக்கவாட்டுக் கதவுக்குள் இருக்கும், வெளியே நின்றுகொண்டே பார்க்கலாம்.

நிவேதா, 7:14
சின்னத் தாத்தா கட்டுரை போட்டி

திவ்யா, 7:15
அப்பா மண்டபத்துக்காரர் உங்களைத் தேடுகிறார்

முரளி, 7:24
(படம்)
இதுதானே? நாலு வால்வு, நாலு பிளக். கட்டை வைத்துவிட்டேன். மீட்டர் இருக்கிறது.

ரகு சித்தப்பா, 7:26
இதேதான். ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி நாலு காயிலையும் ஓமில் அளந்து பார்.

ரகு சித்தப்பா, 7:26
ஒரு நிமிஷம். அந்தப் படத்தில் இருப்பது என் மீட்டர்.

முரளி, 7:27
எது

ரகு சித்தப்பா, 7:27
மஞ்சள் மீட்டர். சிவப்பு வயரில் நீல டேப் சுற்றியது நான்தான். 2016-இல் உன் அப்பா ஒரு நாளைக்கு என்று வாங்கிப்போனார்.

லலிதா சித்தி, 7:28
அதைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டாய் என்று என்னை மூன்று வருஷம் திட்டினீர்கள்

சுந்தர் மாமா, 7:28
மச்சான் மாட்டினார்

ராஜி அத்தை, 7:29
முரளி, நாளைக்கு மொத்தம் எத்தனை பேர் வருகிறீர்கள், அறை சொல்ல வேண்டும்

முரளி, 7:38
நாலு காயிலும் 4.8, 4.9, 4.8, 4.9. ஒன்று போலத்தான் இருக்கிறது.

முரளி, 7:41
இடது பின் பிளக்கில் கரண்டும் பார்த்துவிட்டேன். வசந்தி பட்டனை அழுத்த நான் பிளக்கில் வைத்துப் பார்த்தேன், 12.8 வருகிறது. காயிலும் நல்லது, கரண்டும் நல்லது. அப்படியென்றால் வால்வுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது, இல்லையா?

கோபி, 7:41
அப்படியென்றால் வால்வு. நான் முதலிலேயே நினைத்தேன்.

வசந்தி, 7:42
நினைத்ததைச் சொல்லியிருக்கலாமே

ரகு சித்தப்பா, 7:49
அவசரப்படாதே. பிளக்கைக் கழற்றி வைத்து அளந்தாயா, மாட்டி வைத்து அளந்தாயா? கழற்றி வைத்து என்றால் அந்த 12.8-ஐ நம்பாதே. மீட்டர் குடிக்கிற கரண்ட் ஒன்றுமே இல்லை, வயருக்குள்ளே இழையெல்லாம் அரித்துப்போய்ப் பெயருக்கு ஒட்டிக்கொண்டிருந்தாலும், பிளக் ஊசியில் களிம்பு மூடியிருந்தாலும், அது வழியாக மீட்டருக்கு 12 வந்துவிடும். ஆனால் காயில் 5 ஓம், அதற்கு இரண்டரை ஆம்பியர் வேண்டும். அந்த அரித்துப்போன இணைப்பால் அதைக் கொடுக்க முடியாது, காயில் கேட்ட உடனே வோல்டேஜ் படுத்துவிடும். வேலை பார்த்த 31 வருஷத்தில் நல்ல மோட்டாரையும் நல்ல வால்வையும் கழற்றி வீசினவர்களை நான் எத்தனை பேர் பார்த்திருக்கிறேன் தெரியுமா, எல்லாரும் சும்மா நிற்கும் வோல்டேஜைப் பார்த்துவிட்டு முடிவு கட்டினவர்கள். பிளக்கை மாட்டியே வை. அதன் பின்பக்கம் வயர் நுழைகிற ஓரமாகச் சிவப்பு முனையை மெல்லச் செருகு, கறுப்பு பேட்டரி நெகட்டிவில். இப்போது பட்டனை அழுத்தச் சொல்.

லலிதா சித்தி, 7:50
இவரைப் பொதுவில் வைத்துக் கூப்பிட்டாயிற்று, அறைக்குள் வந்து கூப்பிட்டாயிற்று

திவ்யா, 7:50
விடு அம்மா. அவருக்கு அழுகை வருகிறது, அதனால்தான் வயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

ரகு சித்தப்பா, 7:51
அதெல்லாம் ஒன்றும் இல்லை

முரளி, 8:02
2.1 வோல்ட்!!!

முரளி, 8:02
பக்கத்து வால்வில் அதே மாதிரி பார்த்தால் 12.5

ரகு சித்தப்பா, 8:04
வந்தான் பார். எதற்கும் உறுதி செய்துகொள். வலது பின் பிளக்கையும் இடது பின் பிளக்கையும் மாற்றி மாட்டு, ஒரே மாதிரிப் பிளக்தான், மாறும். இப்போது வலது பின் காலுக்கான பட்டனை அழுத்து. இடது பின் கால் ஏறினால் வால்வும் காலும் சுத்தம், குற்றவாளி வயர். அழுத்தும்போது எல்லாரும் வண்டியை விட்டுத் தள்ளி நிற்கவும். அண்ணியையும் நாற்காலியோடு நகர்த்து.

சுந்தர் மாமா, 8:05
வராவிட்டால் நான் கார் அனுப்புகிறேன் முரளி. டிரைவர் சும்மாதான் இருக்கிறான்.

ராஜி அத்தை, 8:05
எந்தக் கார், அந்தக் காரில் பாதிக்குப் பூ ஏற்றியாச்சு

முரளி, 8:13
ஏறிவிட்டது!!! இடது பின் கால் ஏறிவிட்டது. அப்படியே வண்டி பெருமூச்சு விட்ட மாதிரி உட்கார்ந்தது.

நிவேதா, 8:13
சின்னத் தாத்தா வாழ்க

திவ்யா, 8:14
அப்பா சபையில் எழுந்து கை தட்டினார். மாப்பிள்ளையின் பெரியப்பா என்ன விஷயம் என்று கேட்டார். ஜாக் என்றார்.

முரளி, 8:22
வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பெட்டியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஒரு இடத்தில் டேப் சுற்றியிருக்கிறது. பிரித்தால் உள்ளே முறுக்கி விட்ட வயர், முழுக்கப் பச்சைக் களிம்பு, தொட்டதும் பொடியாக உதிர்கிறது. அங்கிருந்து ஒரு கிளை வயர் பின்னால் கேமராவுக்குப் போகிறது.
(படம்)

வசந்தி, 8:23
கேமரா யார் போட்டது என்று எல்லாருக்கும் தெரியும்

நிவேதா, 8:23
அப்பா

கோபி, 8:27
அது கேமராவுக்குக் கரண்ட் எடுக்கத்தான். அந்த வயர் எதற்கு என்று அப்போது தெரியாது. பின்னால் எடுக்கும்போது ஒன்றும் தெரியவில்லை என்று புகார் சொன்னதே முரளிதான்.

முரளி, 8:28
நான் கேமரா கேட்டேன். ஜாக் வயரை அறுக்கச் சொல்லவில்லை.

கோபி, 8:28
அறுக்கவில்லை, தோல் உரித்து முறுக்கினேன்

ரகு சித்தப்பா, 8:31
சண்டை அப்புறம். கோபி, முறுக்கி டேப் சுற்றுவது வீட்டுக்குள்ளே கூட எனக்குப் பிடிக்காது, வண்டிக்கு அடியில் சேறும் தண்ணீரும் தெறிக்கிற இடத்தில் அது ஆறு மாதம் தாங்கினதே பெரிது. முரளி, கறுத்த பகுதியை இரண்டு பக்கமும் பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டித் தள்ளு, நீளம் போதாவிட்டால் அதே தடிமனில் ஒரு துண்டு சேர், வயரை அழுத்தி இணைக்கிற கிரிம்ப் இருந்தால் கிரிம்ப், மேலே சுருங்குகிற குழாய். இல்லாவிட்டால் இன்றைக்கு அதைத் தொடவே வேண்டாம், பிளக்குகளைப் பழையபடி மாட்டிவிட்டுக் கேமரா வயரைத் தனியாக வெட்டி முனையை மூடிவிட்டு வந்து சேர். கால்தான் ஏறிவிட்டதே.

முரளி, 8:33
ஒன்றுதான் பாக்கி சித்தப்பா. நாலும் ஏறின பிறகும் "ஜாக் கீழே" விளக்கு எரிகிறது, பஸ்ஸர் கத்துகிறது.

சுந்தர் மாமா, 8:33
பஸ்ஸரைப் பிடுங்கிவிடு

ரகு சித்தப்பா, 8:37
பிடுங்காதே! மாமா சொல்வதைக் கேட்காதே. காலைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு சாலையில் ஓட்டிக் காலையும் சாலையையும் பெயர்த்தவர்கள் இருக்கிறார்கள், அந்தச் சத்தம் அதற்குத்தான். டார்ச் அடித்து, தள்ளி நின்று குனிந்து நாலு காலையும் கண்ணால் பார். ஒவ்வொரு காலிலும் மேலே வந்ததைச் சொல்ல ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. சேறு அப்பியிருக்கும், இல்லை கால் கடைசி ஒரு அங்குலம் வராமல் நிற்கும்.

முரளி, 8:46
கண்ணால் பார்த்தால் நாலும் மேலே இருக்கிறது. இடது பின்னில் காய்ந்த சேறு. துடைத்தேன், பஸ்ஸர் நின்றது. இப்போது மறுபடி கத்துகிறது. தட்டினால் நிற்கிறது.

ராஜி அத்தை, 8:47
அப்போது கார் வேண்டுமா வேண்டாமா

முரளி, 8:47
வேண்டாம் என்று நினைக்கிறேன் அத்தை

வசந்தி, 8:47
வேண்டும்

கோபி, 8:48
இந்த வண்டியை இனிமேல் வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கல்யாணம் முடிந்ததும் உட்கார்ந்து பேசலாம்

வசந்தி, 8:49
பேசலாம். பேப்பரில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறதே.

ரகு சித்தப்பா, 8:50
முரளி, காலையில் 4 மணிக்குக் கிளம்பு. கிளம்பும் முன் ஒரு தரம், 10 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஒரு தரம், காலைப் பார். பெட்டிக்கடியில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா என்றும் பார்.

லலிதா சித்தி, 8:51
போனை வாங்கி வைத்துவிட்டேன். இது நான்தான் எழுதுகிறேன். சாப்பிட்டுத் தூங்குங்கள் எல்லாரும்.

முரளி, அதிகாலை 4:12
கிளம்பியாச்சு. பஸ்ஸர் இல்லை.

முரளி, 4:31
பஸ்ஸர் வந்துவிட்டது. நிறுத்திப் பார்த்தேன். கால் நாலும் மேலேதான்.

வசந்தி, 4:32
அம்மா அதோடு சேர்ந்து தாளம் போடுகிறார்

ரகு சித்தப்பா, 4:32
எண்ணெய்?

ரகு சித்தப்பா, 4:40
முரளி, எண்ணெய் பார்த்தாயா?

திவ்யா, 4:41
அப்பா, நீங்கள் தூங்கவே இல்லையா

ரகு சித்தப்பா, 4:41
நீ?

ரகு சித்தப்பா, 4:44
முரளி, வரும்போது மீட்டரை மறக்காமல் எடுத்து வா.