அப்பாவுக்கு டெங்கு, காசிப் பயணம் நின்றுவிட்டது: விமானக் கட்டணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

நொய்யல்: அனைவருக்கும் வணக்கம். அப்பா, அம்மா இருவரும் காசிக்குச் செல்லப் பயணச்சீட்டு எடுத்திருந்தேன். அப்பாவுக்கு டெங்குக் காய்ச்சல் உறுதியாகி மருத்துவமனையில் சேர்த்திருப்பதால் பயணம் ரத்தாகிவிட்டது. வாடிக்கையாளர் சேவையில் பேசினால், பணம் திரும்பக் கிடைக்காத வகைச் சீட்டு என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிடுகிறார்கள். மருத்துவர் சான்றிதழ் கையில் இருக்கிறது. பணத்தை எப்படிப் பெறுவது? தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை: அப்பா விரைவில் நலம்பெற வேண்டுகிறேன். சில விவரங்கள் தேவைப்படுகின்றன. விமான நிறுவனத்தின் தளத்திலேயே எடுத்தீர்களா, முகவர் தளம் வழியாகவா? இந்திய நிறுவனமா, வெளிநாட்டு நிறுவனமா? இருவருக்கும் ஒரே பி.என்.ஆர். எண்ணா? திரும்பி வரும் சீட்டும் அதில் அடங்குமா?

கார்முகில்: கவலை வேண்டாம், நண்பரே. மருத்துவ அவசரம் என்றால் முழுக் கட்டணத்தையும் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ உத்தரவிட்டுவிட்டது. சான்றிதழை இணைத்து ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், மறுக்க முடியாது.

விதிமுறை_வேலன்: செய்தித் தலைப்பை மட்டும் படித்துவிட்டு அறிவுரை சொல்லும் பழக்கத்தை இங்கே பலமுறை கண்டித்திருக்கிறேன். 2025 நவம்பரில் டிஜிசிஏ வெளியிட்டது கருத்துக் கேட்புக்கான வரைவு. அந்த வரைவிலும், மருத்துவ அவசரத்தால் பயணி ரத்து செய்தால் நிறுவனம் பணத்தையோ பிற்காலப் பயணத்துக்கான வரவுத் தொகையையோ தரலாம் என்றுதான் இருக்கிறது. தர வேண்டும் என்று இல்லை. இந்த வேறுபாடு புரியாதவர்கள் முதலில் மூல ஆவணத்தைப் படித்துவிட்டு வரலாம். அந்த வரைவு வெளியானபோது நடைமுறையில் இருந்த விதிகளிலும், பயணியின் நோயைக் காரணமாகக் கொண்டு முழுத் தொகையைக் கோரும் உரிமை எதுவும் இல்லை.

கார்முகில்: வரைவாகவே இருந்தாலும் அரசின் நோக்கம் அதில் தெளிவாகத் தெரிகிறது. அதை மேற்கோள் காட்டிக் கேட்பதில் என்ன தவறு? உடல்நலம் குன்றிய ஒருவரின் மகனிடம் இவ்வளவு கடுமையும் தேவையில்லை.

நொய்யல்: இந்திய நிறுவனம்தான், பெயர் வேண்டாம். முகவர் தளத்தில் எடுத்தேன். இருவருக்கும் ஒரே எண், சென்னையிலிருந்து வாராணசிக்குப் போகவும் வரவும். நாளை மாலை விமானம்.

பாலாற்றங்கரை: நாளை மாலையா? அப்படியானால் நீங்கள் இன்னும் சீட்டை ரத்து செய்யவில்லையா? பயணம் ரத்தாகிவிட்டது என்று நீங்கள் எழுதியதை, சீட்டை ரத்து செய்துவிட்டதாகவே எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

தாமிரபரணி_மகள்: நொய்யல், மற்றவை எல்லாம் பிறகு, முதலில் ரத்து செய்யுங்கள். சீட்டை ரத்து செய்யாமலும் விமானத்துக்குச் செல்லாமலும் விட்டால் அது ‘நோ ஷோ’ ஆகிவிடும். அதன்பின் வரிகளைத் தவிர வேறு எதையும் எதிர்பார்க்க இயலாது. புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பே ரத்து வசதியை மூடிவிடுவார்கள். எனவே இன்றிரவே முகவர் தளத்தில் ரத்து செய்து, எவ்வளவு திரும்ப வரும் என்று அது காட்டும் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி மாற்றம் மலிவாகத் தோன்றலாம். ஆனால் டெங்குவுக்குப் பின் உடல் தேற எத்தனை வாரமாகும் என்று தெரியாத நிலையில், மாற்றக் கட்டணத்தோடு அன்றைய விலை வேறுபாட்டையும் கட்டுவது நல்ல முடிவாக எனக்குத் தோன்றவில்லை.

பணம் திரும்பக் கிடைக்காத சீட்டு என்று சொல்லப்படுவதில் திரும்பாதது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் மட்டுமே. சட்டப்படியான வரிகள், பயனர் மேம்பாட்டுக் கட்டணம் போன்ற விமான நிலையக் கட்டணங்கள் ஆகியவற்றைச் சலுகை விலைச் சீட்டுக்கும் திருப்பித் தந்தாக வேண்டும் என்று டிஜிசிஏ விதி கூறுகிறது. ரத்துக் கட்டணம் எந்நிலையிலும் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்ந்த தொகையை மீறக் கூடாது. திருப்பித் தருவதற்கென்று தனிக் கட்டணமும் வாங்கக் கூடாது. பணத்துக்குப் பதிலாக வரவுத் தொகை தருவதாகச் சொன்னால், அதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

மணல்மேடு: முகவரிடம் கேட்டால் நிறுவனத்தைக் கைகாட்டுவார்கள், நிறுவனத்திடம் கேட்டால் முகவரைக் கைகாட்டுவார்கள். பணம் வாங்கியவர் முகவர் என்பதால் பொறுப்பும் முகவருக்கே என்பது என் உறுதியான கருத்து. இந்தத் தளங்களில் சீட்டு எடுப்பதையே நிறுத்த வேண்டும் என்று நான் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறேன்.

விதிமுறை_வேலன்: உங்கள் கருத்து உறுதியாக இருக்கலாம், விதி அதற்கு நேர்மாறாக இருக்கிறது. முகவர்கள் விமான நிறுவனத்தால் நியமிக்கப்பட்ட பிரதிநிதிகள் என்பதால் திருப்பித் தரும் பொறுப்பு நிறுவனத்துடையதே என்றும், குறித்த வேலை நாள்களுக்குள் அது முடிய வேண்டும் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. நேரடியாகக் கடன் அட்டையில் எடுத்திருந்தால் 7 நாள்.

மணல்மேடு: விதி எழுதப்பட்டிருப்பது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. முகவர் தனக்கென்று பிடித்துக்கொள்ளும் சேவைக் கட்டணத்தை எந்த நிறுவனம் திருப்பித் தருகிறது?

விதிமுறை_வேலன்: அது முகவருக்கும் உங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம். இழையின் கேள்வி அதுவன்று.

பாலாற்றங்கரை: இருவரும் பொறுத்தருள வேண்டும். அந்தக் கெடு கடந்தும் வராவிட்டால், விமானப் பயணிகளின் புகார்களுக்கான அரசின் ஏர்சேவா தளத்தில் விமான நிறுவனத்தின் பெயரிலேயே முறையிடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். அதற்குப் பின்னரும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. அடிப்படைக் கட்டணத்துக்குக் கனிவு கோரி, சான்றிதழோடு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குத் தனியே எழுதுங்கள். உரிமையாக இல்லாவிட்டாலும், சில நிறுவனங்கள் தம் விருப்பத்தின் பேரில் வரவுத் தொகையாவது தருவதுண்டு.

நொய்யல், சீட்டு எடுக்கும்போது பயணக் காப்பீடு என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தீர்களா? யாரும் இதைக் கேட்கவில்லை.

நொய்யல்: ரத்து செய்துவிட்டேன். வரிகளும் ஒரு சிறு தொகையும் வரும் என்று காட்டியது, படமெடுத்து வைத்திருக்கிறேன். காப்பீடு எடுத்திருப்பது ரசீதில் இருக்கிறது. அப்பாவின் தட்டணுக்கள் ஏறத் தொடங்கியிருக்கின்றன. நன்றி.

தாமிரபரணி_மகள்: மனம் நிறைந்தது. காப்பீடு இருந்தால் அடிப்படைக் கட்டணத்துக்கும் வழி பிறக்கலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்றே தகவல் கொடுங்கள். தாமதத்தைக் காரணம் காட்டி மறுக்க இடம் தர வேண்டாம். மருத்துவமனையில் சேர்த்த பதிவு, டெங்குப் பரிசோதனை முடிவு, வீடு திரும்பும்போது தரும் சுருக்க அறிக்கை, ரத்து செய்த ரசீது, எவ்வளவு பிடித்தார்கள் என்ற விவரம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். அம்மாவுக்கு நோய் இல்லையே என்று அவருடைய சீட்டை ஒதுக்கப் பார்க்கலாம். உடன் பயணிப்பவர் அல்லது நெருங்கிய உறவினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் ஈடு உண்டா என்று ஒப்பந்தப் பத்திரத்தில் தேடுங்கள். மறுத்தால் முதலில் காப்பீட்டு நிறுவனத்திடமே எழுத்தில் முறையிடுங்கள்; அதையும் மறுத்தாலோ 30 நாள்களுக்குள் விடை வராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அப்பா எத்தனை மணி நேரம் உள்நோயாளியாக இருந்தார் என்பதையும் எழுதுங்கள். சில ஒப்பந்தங்கள் 24 மணி நேரத்தைக் குறைந்த அளவாக வைத்திருக்கின்றன.