கிங் கிரிம்சனின் முதல் அல்பம்: கேட்டவர்கள் சொல்வது

வெள்ளவத்தையிலிருந்து:

பிரிட்டிஷ் ரொக் இசைக்குழுவான கிங் கிரிம்சனின் ‘இன் த கோர்ட் ஒஃப் த கிரிம்சன் கிங்’ 1969 ஒக்டோபரில் வெளியானது. எங்கள் வீட்டுக்கு அது எண்பதுகளின் கடைசியில் வந்தது. காலி வீதியில் இருந்த ஒரு ரெக்கோர்டிங் பாரில் அண்ணா கசெட்டில் அடித்துக்கொண்டு வந்தார். அல்பம் ஏறத்தாழ 44 நிமிடம்தான். 60 நிமிட நாடாவில் மிஞ்சிய இடத்தைக் கடைக்காரர் போனி எம் பாட்டுகளால் நிரப்பிக் கொடுத்திருந்தார்.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது ‘எபிடாஃப்’ என்ற பாட்டு. குழுவின் பாடகர் கிரெக் லேக் அதில் அழுது பாடவில்லை. நாளைக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சும் மனிதனின் நிதானத்தோடு பாடுகிறார். சோதனைச் சாவடிகளைத் தாண்டி வீடு வந்து சேர்ந்த அந்த நாட்களில் அது வெள்ளைக்காரர் பாட்டு என்ற நினைப்பே எனக்கு எழவில்லை. பின்னால் விரிவது இயன் மக்டொனால்டின் மெலோட்ரோன். அந்தக் கருவியில் ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும், வயலின் போன்ற வாத்தியங்கள் ஏற்கெனவே பதிவான ஒரு நாடாத் துண்டு ஓடும். சுமார் 8 விநாடியில் தீர்ந்துவிடும். நாடா ஓடுவதால் சுருதியில் ஒரு சிறு நடுக்கம் இருக்கும். அசல் வயலின் குழுவை அமர்த்தியிருந்தால் அந்தத் துக்கம் கிடைத்திருக்காது.

அதே மெலோட்ரோன் கடைசிப் பாட்டில் எனக்குத் திகட்டுகிறது. கோரஸ் திரும்பத் திரும்ப வருகிறது. முடிந்துவிட்டது என்று எழும்பப் போனால் மறுபடியும் தொடங்குகிறது. பீட்டர் சின்ஃபீல்டின் வரிகளிலும் ராணி, கோமாளி, அரசவை என்று வேடங்கள்தாம் நிறைய. ‘எபிடாஃப்’பில் நெஞ்சைத் தொட்ட அச்சம் இங்கே உடுப்புக்குள் ஒளிந்துகொள்கிறது.

‘மூன்சைல்ட்’ 12 நிமிடம். பாட்டு இரண்டரை நிமிடத்தில் முடிந்து, மிச்சமெல்லாம் முன்கூட்டி எழுதாமல் அந்த நேரத்தில் தோன்றியதை வாசிக்கும் மிக மெல்லிய மனோதர்ம வாசிப்பு. எங்கள் கசெட்டில் நாடாவின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. பிறகு சீடியில் ஒவ்வொரு தட்டும் தெளிவாகக் கேட்டது. அப்போதும் அது அலைகிறதே தவிர எங்கும் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் முடிவு.

தெகிவளையிலிருந்து:

நான் மிருதங்கம் வாசிப்பவன். மருமகன் போட்டுக்காட்டிய ‘ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சொய்ட் மேன்’ வழியாகத்தான் இந்த அல்பம் எனக்கு அறிமுகம். வியட்நாம் போர்க்காலத்தின் கோபம் அதில் கொதிக்கிறது. ஆனால் என் காது போனது மைக்கேல் கைல்ஸின் டிரம்ஸுக்கு. நடுப்பகுதியில் கித்தார், சாக்ஸஃபோன், பேஸ், டிரம்ஸ் நான்கும் ஒரே இசைத்தொடரை வேகமாக வாசித்து, சட்டென நிறுத்தி, மறுபடி ஒரே இடத்தில் எடுக்கின்றன. கணக்கிட்டு அமைத்த கோர்வை முடிந்து எல்லோரும் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், வந்து விழும் சுகம் அதில் இருக்கிறது. கணக்குத் தெரிந்தவர்களின் வாசிப்பு! அடுத்து வரும் ‘ஐ டோக் டு த விண்ட்’ இனிமையானது. புல்லாங்குழலைத் தவிர அதில் எனக்கு அதிகம் ஒட்டவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

‘மூன்சைல்ட்’ பற்றி வெள்ளவத்தை நண்பர் சொல்வதை குழுவின் கித்தார் கலைஞர் ரொபர்ட் ஃபிரிப்பே ஓரளவு ஏற்றிருப்பார் போலும். 2009இல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சனுடன் சேர்ந்து அல்பத்தின் ஒலிப்பதிவை மறுபடி கலவை (ரீமிக்ஸ்) செய்தபோது அந்த வாசிப்பில் சில நிமிடங்களை வெட்டிவிட்டார்கள். எனக்கு வெட்டாததுதான் வேண்டும். மக்டொனால்டும் கைல்ஸும் 1969 டிசம்பரிலேயே விலக முடிவெடுத்தார்கள். அந்த அணி ஸ்டூடியோவில் முடித்த ஒரே அல்பம் இது. ஃபிரிப்பின் கித்தார் ஒரு வார்த்தை சொல்ல, வைப்ரஃபோன் என்ற, உலோகக் கட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி காத்திருந்து பதில் சொல்லும் வாசிப்பு வேறெந்தப் பாட்டிலும் இல்லை. நல்ல ஹெட்ஃபோனில், இரவில், முழுப் பதிப்பைக் கேளுங்கள்.